மறுபடியும் ஒன்றிலிருந்து

பெரியக்கா உடற்பயிற்சியை விட்டது இதோடு ஆறாவது முறை.

ஐந்தாவது முறை விட்டபோதாவது சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருந்தது. மகள் பத்து நாள் லீவில் வந்திருந்தாள். வீடு நிறையப் பேச்சும் சிரிப்புமாக இருக்கும்போது தரையில் பாயை விரித்துக் காலைத் தூக்கிக்கொண்டு கிடக்க யாருக்கு மனசு வரும்? நான்காவது முறை காய்ச்சல். மூன்றாவது முறை, கடையில் காலாவதியான மருந்துகளைப் பிரித்தெடுக்கும் வாரம். இந்த ஆறாவது முறைக்கு மட்டும் ஒன்றுமே இல்லை. உடம்பு நன்றாகத்தான் இருந்தது. வேலையும் எப்போதும் போலத்தான். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்தாள், சுவரோரம் சுருட்டி வைத்த பாயைப் பார்த்தாள், அதைத் தாண்டிப் போய்விட்டாள். புதன்கிழமை பாயைப் பார்க்கவே இல்லை. சனிக்கிழமை அதன்மேல் துவைத்த துணிகள் குவிந்திருந்தன.

பெரியக்கா என்பது கடையில் வைத்த பெயர். ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்வரிசையில் இருந்த மருந்துக்கடையில் பத்தொன்பது வருஷமாக அவள்தான் பார்மசிஸ்ட். வயது நாற்பத்தொன்பது. டாக்டர்களின் கையெழுத்தை அவளைப் போலப் படிக்க ஆளே இல்லை என்று அங்கே பில் போடும் பெண் சொல்வாள். எழுதிய டாக்டரே ஒருமுறை ஆள் அனுப்பி, தான் என்ன எழுதினோம் என்று கேட்டுக்கொண்டதாக ஒரு கதைகூட உண்டு. காலை ஒன்பது மணிக்குக் கவுண்டருக்குப் பின்னால் நின்றால் மாலை ஆறு வரை நிற்பாள். நடுவில் மேல் அலமாரிக்காக மூன்று படி ஏணியில் ஏறி இறங்குவது நாளைக்கு நாற்பது, ஐம்பது தடவை. அந்த ஏணியின் இரண்டாம் படியில்தான் ஒருநாள் வலது முட்டி 'களுக்' என்றது. அன்றிலிருந்து படி ஏறினால் வலி, இறங்கினால் இன்னும் வலி, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் முதல் நாலு அடிக்கு யாரோ காலைப் பிடித்து இழுப்பது போல இருக்கும்.

"தேய்மானம் ஆரம்பிச்சிருக்கு. ஆபரேஷன் பேச்செல்லாம் இப்போ வேண்டாம்" என்றார் டாக்டர். "தொடைச் சதையைப் பலப்படுத்தினா முட்டி தப்பிச்சுக்கும். பயிற்சி கத்துக்குங்க. ஆனா தினமும் செய்யணும்."

அந்த 'ஆனா'வை அப்போது அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிசியோதெரபி செய்யும் பெண், மகளைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவளாக இருப்பாள், மூன்று பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, பத்து எண்ணும் வரை கீழே அழுத்த வேண்டும். மல்லாந்து படுத்து, காலை மடக்காமல் ஒரு முழ உயரம் தூக்கி நிறுத்த வேண்டும். நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழ வேண்டும். மூன்றும் சேர்ந்து இருபது நிமிஷம். அது போக, முடிந்த அளவு நடை. நாளைக்கு இருபது நிமிஷம் ஒரு மனுஷிக்கு இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. அதுதான் எரிச்சலே. இல்லாமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

கணவர் ஒரு டிரைவிங் ஸ்கூலில் வாத்தியார். வண்டி ஓட்டப் பழகுகிறவர்களுக்குப் பக்கத்து சீட்டில், தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கில் பாதத்தை வைத்தபடி, இருபத்திரண்டு வருஷமாக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். படிக்க வருகிறவர்கள் அவரை 'பிரேக் மாஸ்டர்' என்பார்கள். முட்டியிலோ முதுகிலோ அவருக்கு ஒரு குறையும் கிடையாது. கொஞ்சம் தொப்பை, அவ்வளவுதான். மனைவி முதல்நாள் பாயை விரித்து முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்து அவர் சொன்னார்:

"உனக்குத் துணைக்கு நானும் செய்யறேனே."

அன்றைக்கு அந்தச் சொல் எவ்வளவு இனித்ததோ, பின்னால் அவ்வளவு கசந்தது. ஏனென்றால் மனிதர் விடவே இல்லை.

காய்ச்சலோ மழையோ, அவர் காலை ஐந்தேமுக்காலுக்குப் பாயில் இருப்பார். ஆறேகாலுக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும். ஏழுக்கு வேர்வை வடிய வந்து, சமையலறைக் கதவில் தொங்கிய காலண்டரில் சிவப்புப் பேனாவால் ஒரு டிக் போடுவார். ஒவ்வொரு தேதிக் கட்டத்தையும் நடுவில் கோடு கிழித்து இரண்டாக்கியிருந்தார். இடது பாதி அவருக்கு, வலது பாதி அவளுக்கு. அவருடைய பாதி முழுக்க டிக்குகள் வரிசை பிசகாமல் நின்றன. அவளுடைய பாதி பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. போதாக்குறைக்கு, அவள் விட்ட நாட்களில் அவர் சிறியதாக ஒரு பூஜ்யம் போட்டு வைத்திருந்தார்.

"இந்த முட்டையெல்லாம் எதுக்குங்க?" என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

"விட்ட நாள் எதுன்னு தெரியணும் இல்ல?"

"எனக்கே தெரியும்."

"தெரிஞ்சா விடமாட்டியே."

அவர் குத்திக்காட்டவில்லை. ஓட்டப் பழகுகிறவனிடம் 'கிளட்சை விடு' என்று சொல்கிற அதே குரல்தான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

"காலைல எனக்கு எத்தனை வேலை இருக்குன்னு தெரியுமா? நீங்க காலைத் தூக்கற நேரத்துல நான் அடுப்படியில நிக்கறேன்."

"சரி, நாளைலேர்ந்து டீ நான் போடறேன். காயும் நறுக்கித் தரேன். நீ பாயில உக்காரு."

சொன்னபடி செய்தார். மறுநாளிலிருந்து ஐந்தரைக்கே மேசையில் டீ இருந்தது, பக்கத்தில் ஒரே அளவில் நறுக்கிய காய். அதிலும் ஒருநாள் தவறவில்லை. பெரியக்காவுக்குக் கிடைத்தது ஒன்றுதான்: சொல்லிக்கொண்டிருந்த ஒரு சாக்கும் போனது. அந்த ஏற்பாட்டுக்குப் பின்னால்தான் ஆறாவது முறை விட்டாள்.

அவருக்கு இடுப்புப் பட்டையில் இரண்டு ஓட்டை உள்ளே போயிருந்தது. எதிரில் வருகிற எல்லோரும் அவரைப் பார்த்து "என்ன மாஸ்டர், இளைச்சுட்டீங்களே, என்ன ரகசியம்?" என்றார்கள். "ரகசியம் ஒண்ணும் இல்லீங்க, விடாம செய்யணும், அவ்வளவுதான்" என்று அவர் சொல்லும்போது பெரியக்கா கையில் பையோடு பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள். முட்டி யாருக்கு? பயிற்சி யாருக்குச் சொன்னது? யார் பெயருக்கு வந்த கடிதத்தை யார் பிரித்துப் படித்து மகிழ்வது?

நாலாவது மாதம் பிசியோதெரபிப் பெண் மறுபடி வரச் சொல்லியிருந்தாள். கட்டிலில் காலை நீட்டிப் படுக்க வைத்து, "தினமும் செய்யறீங்களாம்மா?" என்றாள்.

"செய்யறேன்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு, "அப்பப்போ ஒரு நாள் ரெண்டு நாள் விட்டுப்போகும்" என்று ஒட்டுப் போட்டாள்.

அந்தப் பெண் தையற்காரர் டேப் ஒன்றை எடுத்தாள். முட்டிக்கு மேலே ஒரு இடத்தைக் குறித்துக்கொண்டு இடது தொடையைச் சுற்றி அளந்தாள். அதே இடத்தில் வலது தொடையை அளந்தாள். காகிதத்தைப் புரட்டி முந்தைய அளவைப் பார்த்தாள். நாலு மாதத்துக்கு முன்னால் வலது தொடை இரண்டு சென்டிமீட்டர் இளைத்திருந்தது. இப்போதும் அதே இரண்டு.

"எங்கிட்ட வர்ற பத்துப் பேர்ல ஒன்பது பேர் தினமும் செய்யறதாத்தான் சொல்றாங்கம்மா" என்றாள் டேப்பைச் சுருட்டிக்கொண்டே. "டேப்தான் ஒத்துக்க மாட்டேங்குது."

கிண்டலாகச் சொல்லவில்லை. காலையிலிருந்து அதே பதிலைக் கேட்டுக் களைத்துப்போன குரல். பெரியக்காவுக்கு முகம் சுட்டது. மூன்று பயிற்சியையும் மறுபடி ஒருமுறை செய்துகாட்டச் சொன்னபோது, பள்ளிக்கூடத்தில் பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்திய பிள்ளை மாதிரி செய்துகாட்டினாள்.

அந்தச் சூட்டோடு நேரே கடைக்குப் போனாள். மதியம் போல, வழக்கமாக வருகிற ஒரு பெரியவர் பிரஷர் மாத்திரை கேட்டார். பெரியக்கா கம்ப்யூட்டரைப் பார்த்தாள். போன முறை ஒரு மாதத்துக்கு வாங்கியவர், இப்போது வந்திருப்பது இரண்டரை மாதம் கழித்து.

"ஐயா, தினமும் போடறீங்களா?"

"போடாம? காலைல எழுந்ததும் முதல் வேலை அதானே."

மற்ற நாளாக இருந்தால் அவரை நிற்க வைத்துக் கணக்குச் சொல்லியிருப்பாள். முப்பது மாத்திரை எழுபத்தஞ்சு நாளைக்கு எப்படி வரும், அட்டையில குட்டி போடுதா என்று கேட்டிருப்பாள். அப்படிக் கேட்பதில் அவளுக்குப் பேர் உண்டு. பில் போடும் பெண் வேடிக்கை பார்க்கத் தயாராகத் தலையைத் தூக்கினாள். பெரியக்காவுக்கு வாய் வரவில்லை. அட்டையை உறையில் போட்டுக் கொடுத்தாள். பெரியவர் திட்டு விழாத ஆச்சரியத்தில் இரண்டு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

"என்ன பெரியக்கா, விட்டுட்டீங்க?" என்றாள் பில் போடும் பெண்.

"சும்மா இரு" என்றாள் பெரியக்கா. கோபம் மூக்குக்கு மேல் ஏறி நின்றது, யார்மேல் காட்டுவதென்றுதான் தெரியவில்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் காலண்டரைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"இதுல இனிமே எனக்கு டிக்கும் வேண்டாம், முட்டையும் வேண்டாம். உங்களுக்கு மட்டும் போட்டுக்குங்க."

"ஏன், டேப்ல ஏறலையா?"

"ஏறலை."

"நான்தான் சொன்னேனே, ஒருநாள் விட்டா..."

"ஒருநாள் விட்டா என்ன? சொல்லுங்க. ஒருநாள் விட்டா அன்னிக்கு இந்த முட்டையைப் பாக்கறேன். பாத்ததும், போச்சு, இந்த வாரமே போச்சு, இனிமே திங்கட்கிழமைதான்னு தோணுது. திங்கட்கிழமை வந்தா அடுத்த மாசம் ஒண்ணாம் தேதின்னு தோணுது. ஒருநாள் விட்டவளை இந்தக் காலண்டர்தான் இருபது நாள் விட வைக்குது!"

அவர் பேனாவை மூடி சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "பழியைத் தூக்கிக் காலண்டர்மேல போடறே" என்றார்.

அதிலும் பாதி உண்மை இருந்தது. அவள் கதவைச் சாத்திக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள்.

மறுநாள் வியாழக்கிழமை. திங்கட்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. வீம்புக்காகவே வியாழக்கிழமை ஆரம்பித்தாள். காலையில் அவரோடு சேர்ந்து இல்லை. கடையில், மதியம் கூட்டம் ஓய்ந்த நேரத்தில், கவுண்டருக்குப் பின்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்தாள். பத்துத் தடவை. எட்டாவதில் முட்டி முனகியது. ஒன்பதாவது தடவை எழுந்தபோது எதிரே ஒரு அம்மாள் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏதாவது தொலைஞ்சு போச்சா?" என்று அந்த அம்மாள் அக்கறையாகக் கேட்டாள்.

"ஆமா" என்றாள் பெரியக்கா.

துண்டை அழுத்துவதையும் காலைத் தூக்குவதையும் மாலையில் வந்ததும், முகம்கூடக் கழுவாமல், கட்டிலிலேயே செய்தாள். முகம் கழுவினால் டீ, டீ குடித்தால் போன், போன் எடுத்தால் அவ்வளவுதான் என்று அவளுக்குத் தன்னைப் பற்றி நன்றாகத் தெரிந்திருந்தது. பதினோரு நாள் ஓடியது. பிறகு கல்யாணம் ஒன்றுக்காக வெளியூர் போய் மூன்று நாள் விட்டது. நாலாம் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். அடுத்து ஒன்பது நாள். விட்டது இரண்டு நாள். ஒருமுறை எட்டு நாள் விட்டுவிட்டு, ஒன்பதாம் நாள் தன்னையே கண்டபடி திட்டிக்கொண்டே படுத்துக் காலைத் தூக்கினாள். ஒவ்வொரு முறை ஆரம்பிக்கும்போதும் தொடை புதிதாக வலித்தது. இதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. பயிற்சி முடிந்ததும் உடம்பு லேசாகிவிடும், மனசு பறக்கும் என்றெல்லாம் மகள் வீடியோக்கள் அனுப்புவாள். பெரியக்காவின் மனசு எங்கும் பறக்கவில்லை. 'சனியன், இன்னைக்கு முடிஞ்சுது' என்று மட்டும் இருந்தது.

கணவருக்கு இருநூற்றுப் பன்னிரண்டாவது டிக் விழுந்த மறுநாள்தான் அது நடந்தது. புதிதாகப் பழக வந்த ஒருவர் திருப்பத்தில் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலேட்டரை மிதித்தார். மாஸ்டர் தன் பக்கத்துப் பிரேக்கை முழு பலத்தோடு உதைத்தார். வண்டி சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. கார் தப்பித்தது, சுவர் தப்பித்தது, மாஸ்டரின் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் நடக்கக் கூடாது என்றார் டாக்டர்.

மூன்று வாரமும் அவர் கூண்டில் அடைத்த புலி மாதிரி இருந்தார். பெரியக்கா அவருக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள், டீயும் போட்டாள். மூன்று வாரம் முடிந்தது. டாக்டர் காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஆச்சு, மெதுவா நடக்க ஆரம்பிங்க" என்றார்.

அவர் ஆரம்பிக்கவில்லை.

முதல்நாள் வானம் மூடியிருக்கிறது என்றார். அடுத்த நாள் கால் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது என்றார். மூன்றாம் நாள், "பாதி வாரத்துல என்னத்த ஆரம்பிக்கறது? திங்கட்கிழமைலேர்ந்து ஒழுங்கா" என்றார்.

பெரியக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். இந்த வாக்கியம் அவளுக்கு எவ்வளவு பழக்கம்! ஆனால் அவர் வாயிலிருந்து வந்தபோது சிரிப்பு வரவில்லை. பயம் வந்தது, அதன் பின்னாலேயே கோபம் வந்தது.

திங்கட்கிழமை போனது. இரண்டு வாரம் போனது. காலண்டர் வெள்ளையாகக் கிடந்தது. அவருடைய இடுப்புப் பட்டை ஒரு ஓட்டை வெளியே வந்தது. காலையில் விழித்துக்கொண்டே கண்ணை மூடிப் படுத்திருந்தார். அவருடைய மூச்சிலேயே அவளுக்குத் தெரிந்தது.

ஒரு நாள் காலை அவள் கட்டிலோரம் நின்றாள்.

"எழுந்திருங்க."

"என்னை விடு."

"எதுக்கு விடணும்? கால் சரியாயிடுச்சு."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். "இருநூத்திப் பன்னெண்டு நாள்" என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது. "ஒருநாள் விடலை. எல்லாம் போச்சு. மறுபடியும் ஒண்ணுலேர்ந்து யார் எண்ணறது?"

"நான் எண்ணலையா? நான் ஒண்ணுலேர்ந்து பதினோரு தடவை எண்ணியிருக்கேன்! பதினோரு தடவை! ஒரு தடவைக்கே நீங்க இப்படிச் சுவரைப் பாத்துப் படுத்துக்கிட்டா என்ன அர்த்தம்?"

"உனக்குப் பழக்கம்" என்றார் அவர்.

சொன்ன பிறகு அது எப்படிக் கேட்கிறது என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தார். அவள் அதற்குள் வெளியே போய்விட்டாள்.

அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாகத் தனியே காலை நடைக்குப் போனது. துணைக்கு ஆசைப்பட்டோ ஆரோக்கியத்துக்கு ஆசைப்பட்டோ இல்லை. வீட்டில் நின்றால் எதையாவது போட்டு உடைத்துவிடுவாள் போலிருந்தது. தெருமுனை வரை வேகமாக நடந்தாள். பெரிய ரோட்டில் ஆஸ்பத்திரி மதில் முடியும் இடம் வரை போனாள். உனக்குப் பழக்கம், உனக்குப் பழக்கம் என்று ஒவ்வொரு அடிக்கும் உள்ளே ஒலித்தது. திரும்பும்போது முட்டி இரண்டு இடத்தில் குத்தியது. நின்று, மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, குத்தல் அடங்கியதும் நடந்தாள். ஆம், பழக்கம்தான். விட்டதை எடுக்கிற பழக்கம். அதை ஒரு பெருமையாக நினைக்க முயன்றாள், முடியவில்லை. விடாமல் இருந்திருந்தால் இந்நேரம் முட்டி சரியாகியிருக்கும் என்றுதான் தோன்றியது.

அந்த வாரக் கடைசியில் பிசியோதெரபிப் பெண் மறுபடி டேப்பை எடுத்தாள். இடது, வலது. காகிதத்தைப் பார்த்தாள், மறுபடி வலதை அளந்தாள்.

"ஏறியிருக்கும்மா! முக்கால் சென்டிமீட்டர்!"

"முக்கால்தானா?"

"முக்கால் நல்ல அளவும்மா. தினமும் செய்யறீங்களா?"

"இல்லை" என்றாள் பெரியக்கா. "வாரத்துல நாலு நாள், அஞ்சு நாள். சில வாரம் ஒண்ணுமே இல்லை. அப்புறம் மறுபடி ஆரம்பிப்பேன்."

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

"இன்னும் ஒண்ணே கால் இருக்கு. அது ஏறினதும் நிறுத்திடலாமா?" என்று கேட்டாள் பெரியக்கா.

"நிறுத்தினா இறங்கிடும்மா."

"அப்போ எதுவரைக்கும் செய்யறது?"

"நடக்கணும்னு நெனைக்கற வரைக்கும்."

பெரியக்கா செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வெளியே வந்தாள். படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்கவில்லை என்பதை அவள் கவனிக்கக்கூட இல்லை. எதுவரைக்கும் என்ற கணக்குதான் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் காலையில் செருப்பு மாட்டும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. "நாளைக்கு வரேன்."

அவள் கதவைத் திறந்துகொண்டு கிளம்பினாள். மதில் முடியும் இடம் வரை போய்த் திரும்பினாள். பால் கடைக்கு முன்னால் வந்தபோது, அங்கே போட்டிருந்த பெஞ்சில் கணவர் உட்கார்ந்திருந்தார். தூங்கி எழுந்த சட்டை, வீட்டுக்குள் போடும் செருப்பு. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்து பால் கடை இருநூறு அடிகூட இருக்காது.

"இங்க வரைக்கும் வர்றதுக்குள்ள இப்படி வாங்குது" என்றார். கண்ணில் நிஜமான கோபம். "ஏழு மாசம் செஞ்சேன். அஞ்சு வாரத்துல எல்லாத்தையும் கழட்டிக்கிட்டுப் போயிடுச்சு. என்ன உடம்பு இது?"

"எல்லார் உடம்பும் அப்படித்தான். நடங்க."

"கொஞ்சம் இரு. மூச்சு வாங்கறது நிக்கட்டும்."

"உக்காந்தா நிக்காது. நடந்தாத்தான் நிக்கும்."

அவர் எழுந்தார். இரண்டு பேரும் நடந்தார்கள். அவர் பழைய வேகத்தில் நாலு எட்டு வைத்துவிட்டுக் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மெதுவா நடங்கன்னு டாக்டர் சொன்னா கேக்கணும்" என்றாள். "நீதான் ஓடறே" என்றார். "நான் ஓடறேனா? இந்த முட்டியோட?" என்றாள். வீட்டு வாசல் வரை யார் வேகம், யார் மெதுவு என்று சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி சாத்திக்கொண்டார்.

மறுநாள் நல்ல மழை. இரண்டு பேருமே போகவில்லை. அதற்கும் மறுநாள் தூறல் இருந்தது. அவர் ஜன்னல் வழியாக வெகுநேரம் வானத்தைப் பார்த்தபடி நின்றார். பெரியக்கா இரண்டு குடைகளை எடுத்து, ஒன்றை அவர் கையில் திணித்தாள்.